தூளி ஆடும் வீட்டில் இரண்டு நாய்கள்: குழந்தை வருவதற்குள் எப்படிப் பழக்குவது?

கேள்வி (பொள்ளாச்சி, குழந்தையின் தந்தை)

அனைவருக்கும் வணக்கம்.

எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து இன்றோடு இருபத்திரண்டு நாள்கள் ஆகின்றன. வளைகாப்பு முடிந்த கையோடு என் மனைவி கோவில்பட்டியில் உள்ள தாய்வீட்டுக்குச் சென்றார். பிரசவமும் அங்கேயே நல்லபடியாக நடந்தது. மூன்றாம் மாதத்தில் தாயையும் சேயையும் அழைத்து வருவதற்கு இரு வீட்டாரும் நாள் பார்த்துவிட்டார்கள். என் கையில் ஏழு வாரங்கள் இருக்கின்றன. அதற்குள் எங்கள் வீட்டு நாய்கள் இரண்டையும் எப்படிப் பழக்குவது என்பதே என் கேள்வி.

மூத்தவள் செல்லி, பத்து வயது நாட்டு நாய். மழைக்கு எங்கள் வாசற்படியில் ஒதுங்கிய குட்டி, அப்படியே வீட்டோடு தங்கிவிட்டாள். யார் வந்தாலும் ஒரு முறை குரைத்துவிட்டுத் தன் சாக்கில் போய்ப் படுத்துக்கொள்வாள். சில மாதங்களாக இடுப்புப் பக்கம் தொட்டால் மட்டும் முகத்தைத் திருப்பி உறுமுகிறாள். வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். இளையவன் வீரன், நான்கு வயதுச் சிப்பிப்பாறை. எங்களுக்குத் திருமணமான ஆண்டில் மனைவியின் மாமா ஊரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார். என் மனைவியின் கட்டிலுக்கு அருகில்தான் உறங்குவான். அவர் புறப்பட்டுப் போன முதல் வாரம் சோற்றைத் தொடவே இல்லை. இப்போதும் அவருடைய பழைய புடவை ஒன்றின்மேல்தான் நாள் முழுவதும் கிடக்கிறான். மனிதர்களிடம் இதுவரை பல்லைக் காட்டியதில்லை. ஆனால் ஓடுகிற எதையும் கண்டுவிட்டால் அவனை நிறுத்த முடியாது. பக்கத்துத் தோட்டத்துக் கோழிகளை இரண்டு முறை பிடித்துக் கொன்றிருக்கிறான்.

வீரனை ஆனைமலைப் பக்கம் உறவினர் ஒருவரின் தென்னந்தோப்புக்கு அனுப்பிவிட வேண்டும் என்று என் அம்மா உறுதியாகச் சொல்கிறார். அவருக்கு நாயைப் பிடிக்காது என்று எண்ணிவிட வேண்டாம். அவன் சாப்பிடாமல் கிடந்த வாரத்தில் தயிர்ச்சோற்றை உருட்டிக் கையால் ஊட்டியவரே அவர்தான். பேத்தியை நினைத்து அஞ்சுகிறார். என் மனைவியோ, வீரன் இல்லாத வீட்டுக்கு எப்படி வருவேன் என்று தொலைபேசியில் அழுகிறார். இருவருக்கும் நடுவில் நான் நிற்கிறேன்.

ஹாலின் நடுவில், நானும் என் தங்கையும் ஆடிய அதே கொக்கியில் தூளி கட்டுவதாக இருக்கிறோம். குழந்தையின் துணியைக் கொண்டுவந்து மோந்து பார்க்க வைத்தால் போதும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அது போதுமா? முதல் நாள் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி (நாமக்கல், கால்நடை மருத்துவர்)

வாழ்த்துகள். முதலில், உங்கள் தாயாரின் அச்சத்தை ஒதுக்கிவிடாதீர்கள். பச்சிளம் குழந்தைக்குக் காயம் ஏற்பட நாய் கடிக்க வேண்டும் என்பதில்லை. ஆர்வத்தில் ஒரு முறை தாவினாலோ, முன்காலால் இழுத்துப் பார்த்தாலோ போதும். அதே சமயம், வீரனை அனுப்பித்தான் ஆக வேண்டும் என்று இப்போதே முடிவு கட்டவும் தேவையில்லை. ஏழு வாரம் நல்ல அவகாசம்.

துணியை மோக்க வைப்பதால் பயன் உண்டு. ஆனால் உங்கள் வீட்டில் அது பாதி வேலைகூட ஆகாது. சிப்பிப்பாறை, முயல் வேட்டைக்கென்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட நாய். மூக்கைவிடக் கண்ணை நம்பி ஓடுகிற இனம். குழந்தையின் வாசனையை அது எவ்வளவு நன்றாக அறிந்திருந்தாலும், சட்டென்று ஏதாவது அசைந்தால் உடல் தானாகப் பாய்ந்துவிடும். ஆகவே, நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன தூளியில்தான் என் கவலை முழுவதும் நிற்கிறது. தூளியின் அடிப்பாகம் பெரும்பாலும் தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி உயரத்தில் தொங்கும். வீரனின் தோள் உயரமும் ஏறத்தாழ அவ்வளவுதான். அவன் கண்ணுக்கு நேரே ஒரு துணிப் பொதி ஆடுகிறது. உள்ளிருந்து மெல்லிய கீச்சுக் குரல் வருகிறது. குழந்தை காலை உதைக்கும்போதெல்லாம் துணியின் ஒரு பக்கம் புடைத்து அடங்குகிறது. மடியில் இருக்கும் குழந்தையை மனிதக் குட்டி என்று அவன் புரிந்துகொள்ளக்கூடும். தூளிக்குள் இருப்பதும் அதுதான் என்று அவனுக்கு யார் சொல்வது?

எனவே ஹால் கொக்கி வேண்டாம். கதவுள்ள அறையில் தூளியைக் கட்டுங்கள். அந்த அறை வாசலில் நிலையின் முழு உயரத்துக்கும் கொசுவலைக் கதவு ஒன்று போட்டுத் தாழ்ப்பாள் வையுங்கள். பாதி உயரத் தடுப்பை வீரன் எளிதாகத் தாண்டிவிடுவான். வலைக் கதவு இருந்தால் நாய்கள் பார்க்கலாம், கேட்கலாம், மோக்கலாம். நெருங்க மட்டும் முடியாது. குழந்தை தூளியில் இருக்கும் வேளையில், விழித்திருக்கும் பெரியவர் ஒருவர் அறையில் இல்லையென்றால், தாழ்ப்பாள் போடப்பட்டிருக்க வேண்டும். தாய் அசந்து உறங்கும் பகல் பொழுதுகளுக்கும் இது பொருந்தும். சொல்லப்போனால் அப்போதுதான் மிகவும் தேவை.

மாற்ற வேண்டிய பழக்கங்களை இன்றே மாற்றத் தொடங்குங்கள். வீரன் இனிமேல் கட்டில் அருகில் உறங்கப் போவதில்லை என்றால், அவனுடைய புதிய படுக்கை இந்த வாரமே வேறிடத்துக்குப் போகட்டும். குழந்தை வந்த அன்றைக்கே அவனை வெளியே தள்ளினால், தன் இடம் பறிபோனதையும் அந்தப் புதிய வாசனையையும் அவன் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொள்வான். குழந்தை அழும் ஒலியைத் தொலைபேசியில் பதிவு செய்து அனுப்பச் சொல்லி, அவன் உணவு உண்ணும் நேரத்தில் மிகக் குறைந்த ஒலியில் ஒலிக்கவிடுங்கள். காது நிமிர்ந்து உடல் விறைக்கிறது என்றால் ஒலியைக் குறையுங்கள், நிம்மதியாக உண்டால் மறுநாள் சற்றே கூட்டுங்கள். கயிற்றில் பிடித்தபடி 'வா', 'இரு' என்ற இரண்டு சொற்களை நாள்தோறும் பத்து நிமிடம் பழக்குங்கள். எதைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் உங்கள் குரலுக்கு அவன் திரும்ப வேண்டும். இந்த ஏழு வாரத்தில் வேறு எதுவும் முடியாவிட்டாலும் இது முடிய வேண்டும்.

இருவருக்கும் இந்த ஆண்டுக்கான வெறிநோய்த் தடுப்பூசி போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். குடற்புழு நீக்க மருந்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை. உண்ணி இருந்தால் அதற்கான மருந்தை மருத்துவரிடம் கேட்டு இப்போதே போட்டுவிடுங்கள். நகங்களை வெட்டிவிடுங்கள். செல்லி இடுப்பைத் தொட்டால் உறுமுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வயது என்று விட்டுவிடாதீர்கள். அது பெரும்பாலும் மூட்டு வலி. குழந்தை தவழத் தொடங்கும்போது வீரனைவிட, வலியோடு படுத்திருக்கும் செல்லியை எண்ணியே நான் அதிகம் கவலைப்படுவேன்.

முதல் நாள் பற்றிக் கேட்டீர்கள். அன்று காலையில் இருவரையும் நன்றாக நடக்க விட்டுக் களைத்துப்போகச் செய்யுங்கள். உங்கள் மனைவி வெறுங்கையோடு முதலில் உள்ளே வரட்டும். பல மாதப் பிரிவின் துள்ளல் எல்லாம் அவரோடு தீரட்டும். அதுவரை குழந்தை பாட்டியின் கையில் காரிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கலாம். நாய்கள் அடங்கிய பிறகு, குழந்தையை ஏந்தியவர் அறைக்குள் அமர்ந்துகொள்ள, ஒரு நேரத்தில் ஒரு நாயை மட்டும் கயிற்றில் பிடித்துப் பத்தடி தூரத்தில் நிறுத்துங்கள். செல்லி முதலில், வீரன் பிறகு. பார்க்கட்டும், காற்றில் மோக்கட்டும், உங்கள் குரலுக்குத் திரும்பினால் ஒரு துண்டு இறைச்சி கொடுத்து வெளியே அழைத்துச் செல்லுங்கள். இரண்டு நிமிடம் போதும். குழந்தையை நாயின் முகத்தருகே நீட்டிக் காட்டுவதும், நக்க விட்டுப் படம் எடுப்பதும் கூடவே கூடாது. அந்தப் பத்தடியைக் குறைக்க வாரக்கணக்கில் ஆனாலும் பரவாயில்லை.

மறுமொழி (தஞ்சாவூர், இரண்டு பிள்ளைகளின் தாய்)

அண்ணா, மருத்துவர் எழுதியவற்றோடு எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

என் மூத்த மகன் பிறந்தபோது எங்களிடம் ஆறு வயது லாப்ரடார் ஒன்று இருந்தது. அதைப்போல் சாதுவான நாயைத் தெருவிலேயே பார்த்திருக்க முடியாது. முதல் சில மாதங்கள் எந்தத் தொல்லையும் இல்லை. அதனால் நாங்கள் கவனத்தைத் தளர்த்திவிட்டோம். எட்டாம் மாதத்தில் பிள்ளை தவழ்ந்து அதன் காதைப் பிடித்து இழுத்தான். நாய் உறுமியது. என் கணவர் பதறிப்போய்ச் செய்தித்தாளைச் சுருட்டி அதன் முகத்தில் அடித்துவிட்டார். அடுத்த வாரமும் அதுவே நடந்தது, மீண்டும் அடி. அதன்பிறகு அது உறுமுவதையே விட்டுவிட்டது. திருந்திவிட்டது என்று நாங்கள் மகிழ்ந்தோம்.

பத்தாம் மாதத்தில் ஒரு மாலை, பிள்ளை சோற்றுத் தட்டருகே தவழ்ந்து போனபோது, எந்த ஓசையும் எழுப்பாமல் அது வாயைத் திறந்து வெட்டித் திரும்பியது. பல் அவன் கன்னத்தில் படவில்லை, காற்றைத்தான் கடித்தது. அந்த 'டக்' என்ற ஒலி இன்றும் என் காதில் இருக்கிறது. பிறகு எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பயிற்சியாளர்தான் விளக்கினார்: உறுமல் என்பது நாய் நமக்குக் கொடுக்கும் எச்சரிக்கை, அதை அடித்து அடக்கினால் எச்சரிக்கைதான் போகும், அதன் அச்சம் போகாது. உறுமும்போது செய்ய வேண்டியது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விலகுவது மட்டுமே.

பின்னர் பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். பிள்ளை அதன்மேல் சாய்ந்திருக்கும் படம் ஒவ்வொன்றிலும் அது முகத்தை அப்பால் திருப்பியிருக்கிறது. இரண்டு படங்களில் நாக்கால் மூக்கை நக்குகிறது. ஒன்றில் கண்ணின் வெள்ளை பிறை போலத் தெரிகிறது. பசியோ தூக்கமோ இல்லாத நேரத்தில் நாய் கொட்டாவி விடுவதும், உதட்டை நக்குவதும், உடலை விறைத்துக்கொண்டு அசையாமல் நிற்பதும், "எனக்கு இது பிடிக்கவில்லை" என்று சொல்வதுதான். அழகாக இருக்கிறது என்று நான் உறவினர்களுக்கெல்லாம் அனுப்பிய படங்கள் அவை.

அண்ணா, முதல் நாளைப் பற்றியே எல்லோரும் கவலைப்படுகிறோம். எங்கள் வீட்டில் சிக்கல் எட்டாம் மாதத்தில்தான் தொடங்கியது. நாய்களுக்குப் பிள்ளை எட்டாத ஓர் இடம் வேண்டும். அங்கே அவை போய்ப் படுத்தால் எவரும் தொந்தரவு செய்யக் கூடாது. சோற்றுத் தட்டை வைப்பதும் எடுப்பதும் பிள்ளை இல்லாத பக்கம் நடக்கட்டும்.

மறுமொழி (திருநெல்வேலி, நான்கு பேரப்பிள்ளைகளின் பாட்டி)

தம்பி, வீட்டு நடைமுறை சிலவற்றைச் சொல்கிறேன்.

குழந்தையைக் குளிப்பாட்டும் நேரம்தான் வீட்டில் பெரும் பரபரப்பு. எண்ணெய் தேய்க்கிற கை வழுக்கும், வெந்நீர் பக்கத்தில் இருக்கும், குழந்தை வீரிட்டு அழும், பிறகு நெருப்புத் துண்டில் சாம்பிராணி புகையும். அந்த ஒரு மணி நேரமும் நாய்கள் பின்கட்டில் அடைபட்டிருக்கட்டும். எங்கள் நாய் சாம்பிராணிப் புகைக்கு மிரண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்ளும். பால் கக்கிய துணியையும் மலத்துணியையும் தரையில் போடாதே. நாய் தேடிவந்து கவ்வும். மூடியுள்ள வாளியில் போட்டு, உயரத்தில் வை. பெயர் சூட்டும் நாளிலும் கூட்டம் வருகிற நாள்களிலும் நாய்களை நம்பிக்கையான வேறு வீட்டில் விட்டு வா. வருகிறவர்கள் கதவைத் தாழிட மாட்டார்கள்.

உன் அம்மாவிடம் வாதம் செய்யாதே. வலைக் கதவை எங்கே வைக்கலாம், எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று அவரையே கேள். பகலில் குழந்தையோடு இருக்கப் போவது அவர்தான்.

மருத்துவர் ஐயாவிடம் ஒரு கேள்வி. நாய் முடியால் குழந்தைக்கு இளைப்பு வரும் என்று எங்கள் பக்கம் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா?

மறுமொழி (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் மிக்க நன்றி. செல்லியை நேற்றே மருத்துவரிடம் காட்டினேன். இடுப்பு மூட்டில் தேய்மானம் இருக்கிறது என்று படம் எடுத்துக் காட்டினார். வலிக்கு மருந்து தொடங்கியிருக்கிறோம். இத்தனை மாதம் அவள் வலி என்று சொன்னதை வயது என்று நாங்கள் எடுத்துக்கொண்டதை நினைத்தால் மனம் பதறுகிறது.

இன்னும் இரண்டு ஐயங்கள். இரண்டு நாய்களையும் சேர்த்து எப்போது குழந்தையருகே விடலாம்? எவ்வளவு கவனமாக இருந்தும் நகமோ பல்லோ பட்டுவிட்டால் உடனே என்ன செய்ய வேண்டும்?

மறுமொழி (நாமக்கல், கால்நடை மருத்துவர்)

தஞ்சாவூர்ச் சகோதரி எழுதியதை நாய் வளர்க்கும் ஒவ்வொரு வீட்டிலும் படிக்க வேண்டும். எங்களிடம் கொண்டுவரப்படும் 'திடீரென்று கடித்த' நாய்கள் பலவற்றின் கதையில் அடித்து அடக்கப்பட்ட உறுமல் ஒன்று இருக்கும்.

அம்மா, இளைப்பு பற்றிக் கேட்டீர்கள். 2015இல் சுவீடனில் பல இலட்சம் பிள்ளைகளின் பதிவுகளைக் கொண்டு செய்த ஆய்வொன்று வெளிவந்தது. வாழ்வின் முதல் ஆண்டில் நாய் உள்ள வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பள்ளி வயதில் ஆஸ்துமா இருக்கும் வாய்ப்பு, மற்றவர்களைவிட ஏறத்தாழ 13 விழுக்காடு குறைவாக இருந்தது. இதற்காக நாய் வாங்க வேண்டும் என்று பொருளில்லை. நாய் இருப்பதாலேயே அஞ்ச வேண்டாம் என்று கொள்ளலாம். ஏற்கெனவே நாய் ஒவ்வாமை உள்ள குடும்பமாக இருந்தால் குழந்தை மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டு நாய்களையும் சேர்த்து விட அவசரமே வேண்டாம். தனியே இருக்கும்போது அமைதியாக இருக்கும் நாய், இன்னொன்று பாய்ந்தால் தானும் பாயும். இருவரும் தனித்தனியே பல வாரங்கள் நிதானமாக இருந்த பிறகு, இரண்டு பெரியவர்கள் ஆளுக்கொரு கயிறாகப் பிடித்திருக்க, மூன்றாமவர் குழந்தையோடு அமர்ந்திருக்கட்டும். கூடை போன்ற வாய்ப்பூட்டு கிடைக்கிறது. அதைப் போட்டாலும் நாய் மூச்சிரைக்கவும் நீர் குடிக்கவும் முடியும். வீரனை அதற்கு இப்போதே, உள்ளே தின்பண்டம் வைத்து, தானாக மூக்கை நுழைக்கும்படி பழக்குங்கள்.

நகமோ பல்லோ பட்டால், கீறல் சிறிதே என்றாலும், ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய் எதையும் வைக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அரசு மருத்துவமனைகளில் இதற்கான தடுப்பூசி இலவசமாகவே போடுகிறார்கள். நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதே என்று வீட்டிலேயே முடிவெடுக்க வேண்டாம். அதை மருத்துவர் முடிவு செய்யட்டும். புண் உள்ள தோலை நாய் நக்கினாலும் காட்டத்தான் வேண்டும்.

மறுமொழி (கேள்வி கேட்டவர், மூன்று வாரங்களுக்குப் பிறகு)

நடந்ததை எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஹால் கொக்கியைக் கைவிட்டுவிட்டோம். பின்னறையில் அம்மாவின் பருத்திப் புடவையில் தூளி கட்டி, மூன்று கிலோ அரிசிப் பையைத் துண்டில் சுற்றி உள்ளே வைத்து, குழந்தையின் அழுகை பதிவான தொலைபேசியையும் குறைந்த ஒலியில் அதனுள் வைத்தேன். வீரனைக் கயிற்றில் பிடித்து வாசலில் நிறுத்தி, தங்கையைத் தூளியை ஆட்டச் சொன்னேன். மருத்துவர் எழுதியது அப்போதுதான் எனக்கு முழுமையாகப் புரிந்தது. அவன் காதுகள் முன்னே வந்தன, ஒரு முன்கால் தரையை விட்டு எழுந்து அப்படியே நின்றது, வால் அசையவில்லை. கோழியைப் பார்க்கும்போது நிற்கிற அதே நிலை. பெயர் சொல்லி அழைத்தேன். என் குரல் அவன் காதில் ஏறவே இல்லை. கையில் இருந்த கயிறு இரும்புக் கம்பிபோல விறைத்தது.

முதல் நான்கு நாள்களும் இப்படியே போயின. தூரத்தைக் கூட்டி, வாசலுக்குப் பதிலாகக் கூடத்தின் மறுகோடியிலிருந்து தொடங்கினோம். ஆடாத தூளி, பிறகு மெல்ல ஆடும் தூளி, பிறகு ஒலியோடு ஆடும் தூளி. ஒன்பதாம் நாள் இரண்டாவது அழைப்புக்குத் திரும்பினான். இன்று பதினேழாம் நாள். தூளி ஆடியது, அழுகை ஒலித்தது, வீரன் அதைப் பார்த்தான், நான் அழைப்பதற்கு முன்பே திரும்பி என் முகத்தைப் பார்த்தான்.

சமையலறை வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, உள்ளே போய் அவித்த முட்டையில் பாதியைக் கொண்டுவந்து அவனுக்குக் கொடுத்தார். இருக்கட்டும் என்று இன்னும் அவர் வாயால் சொல்லவில்லை. தச்சர் வியாழக்கிழமை வருகிறார். வலைக் கதவுக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு தாழ்ப்பாள் வைக்க வேண்டும், இரண்டும் தன் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும் என்று அம்மாவே அவரிடம் சொல்லியிருக்கிறார்.